விசிலுக்கு முன்பே முடிந்த ஆட்டம்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. மேசைமேல் ஒரு மண்பானை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தலைவர் என்னைக் கண்டதும் "சார், நீர்மோரா?" என்று ஆவலாகக் கேட்டார். (சிரிப்பு) மோர் இல்லை. உள்ளே 100 பாசிமணி. 44 சிவப்பு, 26 வெள்ளை, 30 கறுப்பு. எல்லாம் ஒரே அளவு. கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். கடைக்காரம்மா பேத்திக்கு மாலை கோக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இந்தப் பானைதான் இன்று நமக்கு மைதானம். சொந்த ஊர் அணியும் வெளியூர் அணியும் கால்பந்து ஆடுகின்றன. சிவப்பு வந்தால் சொந்த ஊருக்கு வெற்றி, கறுப்பு வந்தால் வெளியூருக்கு வெற்றி, வெள்ளை வந்தால் டிரா. 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் சிவப்புக்கு 208, வெள்ளைக்கு 352, கறுப்புக்கு 305 தருவேன். கட்டிய 100 ரூபாயும் அதற்குள் அடக்கம். கல்லூரி மாணவி ஒருவர் மூன்று நிமிடத்துக்கு ஒரு பாசி எடுத்து, நிறத்தைக் கரும்பலகையில் எழுதி, பாசியைத் திரும்பப் போட்டு நன்றாகக் கிளறுவார். முன்வரிசையில் இருக்கிற, தபால் துறையில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒவ்வொரு முறையும் ஒரு நிறத்தைச் சொல்வார். காசு கற்பனைக் காசு. போலீஸ் வந்தால் நான் பொறுப்பு. (சிரிப்பு) ஒரு மணி நேரத்தில் 20 ஆட்டம் முடிந்துவிடும். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பேன், அவர்கள் பாட்டுக்கு ஆடட்டும்.

என்ன சொன்னார் ஐயா? சிவப்பா? எடும்மா. வெள்ளை. போனது முதல் நூறு.

கம்பாலாவில், உகாண்டா நாட்டில், என் பழைய மாணவன் ஒருவன் கணக்காளராக இருக்கிறான். போன வருஷம் ஊருக்கு வந்தபோது கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினான். அவன் வீட்டுக்குக் கீழே இருக்கும் பந்தயக் கடை. ஒரு நீள அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் வரிசையாக டிவி. கம்பிக்குப் பின்னால் ஒரு பெண் சீட்டு அடித்துக் கொடுக்கிறாள், நம் பஸ் டிக்கெட் மெஷினில் வருகிற அதே வழவழப்பான தாள். தரை முழுக்கத் தோற்ற சீட்டுகள். டிவியில் கால்பந்து ஓடுகிறது. முதல் பார்வைக்கு ஏதோ ஐரோப்பிய ஆட்டம். உற்றுப் பார்த்தால் ஆட்டக்காரர்களுக்கு முகம் சரியாக இல்லை, பார்வையாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கை தூக்குகிறார்கள், ஒன்றரை நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. கிளப் பெயர் கிடையாது. ஊர்ப் பெயரும் சட்டை நிறமும் மட்டும்தான். நிஜ கிளப்பின் பெயரையும் சின்னத்தையும் போட்டால் உரிமக் கட்டணம் கட்ட வேண்டுமே.

மூலையில் ஒரு ஆள். போடா-போடா ஓட்டுகிறவர். அங்கே மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்கு அதுதான் பெயர். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். என்ன எழுதுகிறார் என்று மாணவன் எட்டிப் பார்த்திருக்கிறான். எல்லாச் சுற்றுகளின் முடிவுகளும் தேதி வாரியாக, நேரம் வாரியாக, சிவப்பு மையில் டிராக்கள் தனியே. "டிரா வந்து ஆறு சுற்று ஆகிவிட்டது, இனி வந்தே தீரும்" என்று விளக்கியிருக்கிறார். ஆயிரம் ஷில்லிங் சீட்டு, நம் காசில் இருபது சொச்சம் ரூபாய்.

அந்த நோட்டை நான் மறக்கவில்லை. 35 வருஷம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அவ்வளவு ஒழுங்காகத் தரவு எழுதுகிற மாணவன் எனக்கு ஒருவன்கூடக் கிடைத்ததாக நினைவில்லை.

அந்த டிவியில் ஓடுகிறதே, அது எப்படி நடக்கிறது? பெரும்பாலோர் நினைப்பது இது: கம்ப்யூட்டருக்குள் 22 பொம்மைகள் ஆடுகின்றன, ஒன்று உதைக்கிறது, ஒன்று தடுக்கிறது, அந்த ஆட்டத்தின் போக்கில் கோல் விழுகிறது, அதைக் கேமரா காட்டுகிறது. வீட்டில் பிள்ளைகள் ஆடும் வீடியோ கேம் அப்படித்தான். பந்தயக் கடையில் ஓடுவது அப்படியல்ல. வரிசை தலைகீழ். முதலில் விலை போடுகிறார்கள். அதைத்தான் ஆட்ஸ் என்பது, நான் சொன்னேனே 208, 352, 305 என்று, அது. பிறகு பந்தயம் கட்டும் நேரம் முடிகிறது, கடை பூட்டிக்கொள்கிறது. எங்கோ ஒரு சர்வரில் ஒரு தற்செயல் எண் பிறக்கிறது. அந்த எண் ஒரு அட்டவணையில் போய் உட்காருகிறது, அட்டவணை '2-1' என்கிறது. ஆட்டம் அந்த நொடியிலேயே முடிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் 2-1 என்ற முடிவுக்குப் பொருந்துகிற காட்சிகளை ஒன்றாகத் தைத்து நமக்குக் காட்டுகிறார்கள். நடுவர் விசில் ஊதுகிறார், பந்து உருளுகிறது, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. எல்லாம் முடிந்துபோன காரியத்துக்கு.

பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பும்போது கடை முழுக்க "ஐயோ!" என்று தலையில் கை வைக்கிறார்கள். வீடியோவில் பார்த்தேன். கம்பத்தில் படுகிற பாசி என்று ஒன்று இந்தப் பானைக்குள் இல்லை. சிவப்பு, வெள்ளை, கறுப்பு, அவ்வளவுதான்.

சரி, அந்த அட்டவணை எங்கிருந்து வருகிறது? இங்கே என் தொழில் புத்தி கொஞ்சம் தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் புவாசோன் என்று ஒரு கணிதர். எப்போதாவது நடக்கிற காரியங்கள் எத்தனை முறை நடக்கும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு சூத்திரம் தந்தார். 1898இல் போர்ட்கேவிச் என்பவர் அதை எடுத்துக்கொண்டு, பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்துச் செத்த வீரர்களின் 20 வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. குதிரை உதைக்குப் பொருந்திய சூத்திரம் கால்பந்து உதைக்கும் ஓரளவு பொருந்தும் என்பது பிறகு தெரிந்தது. 1982இல் மேஹர், 1997இல் டிக்சன், கோல்ஸ் இருவர் என்று பிரிட்டிஷ் புள்ளியியலாளர்கள் கால்பந்து கோல்களுக்கு இந்த வழியில் மாதிரிகள் கட்டினார்கள். அவர்கள் நிஜ ஆட்டங்களுக்காகக் கட்டியது அது. அதே வழியில் பொம்மை ஆட்டத்துக்கும் அட்டவணை போடலாம்.

சொந்த ஊர் அணி சராசரியாக 1.5 கோல், வெளியூர் அணி 1.2 கோல் போடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தைத் திருப்பினால் எல்லா ஸ்கோருக்கும் ஒரு பங்கு கிடைக்கும். 1-1 என்பதற்கு 100இல் 12. வேறெந்த ஸ்கோருக்கும் அவ்வளவு இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் சொந்த ஊர் வெற்றி 44, டிரா 25 அரை, வெளியூர் வெற்றி 30 சொச்சம். நான் பாசி எண்ணியது இந்தக் கணக்கில்தான். அரைப் பாசி கடையில் கிடைக்காததால் 26 ஆக்கிக்கொண்டேன்.

இப்போது விலையைப் பாருங்கள். பெரியவர் விடாமல் 100 முறை சிவப்பே கட்டுகிறார் என்று வையுங்கள். போட்ட காசு 10,000. சராசரியில் 44 முறை வரும், 44ஐ 208ஆல் பெருக்கினால் 9,152. வெள்ளையே கட்டினால்? 26ஐ 352ஆல் பெருக்குங்கள், 9,152. கறுப்பு? 30 பெருக்கல் 305, 9,150. மூன்று கதவு, மூன்றுக்கும் ஒரே வாசல்படி. எந்த நிறத்தைக் கட்டினாலும், மாற்றி மாற்றிக் கட்டினாலும், சாமி கும்பிட்டுக் கட்டினாலும், 100 ரூபாய்க்கு எட்டரை ரூபாய் பானைக்காரனுக்கு. அப்படி வரும்படி நான்தான் விலையை வெட்டினேன். நேர்மையான விலை என்றால் சிவப்புக்கு 227 தந்திருக்க வேண்டும்.

ஒரு நிமிஷம். பலகையில் என்ன? ஏழு ஆட்டம், பெரியவர் இரண்டு ஜெயித்திருக்கிறார். பரவாயில்லை ஐயா, இன்னும் இருக்கிறது.

இதைக் கேட்டதும் யாராவது சொல்வீர்கள்: "நிஜக் கால்பந்துக்கும் புக்கி இப்படித்தானே கமிஷன் எடுக்கிறான், இதில் என்ன புதுசு?" நியாயமான கேள்வி. நான் இங்கே வந்ததே இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான்.

நிஜ ஆட்டத்தில் பானைக்குள் எத்தனை சிவப்பு என்று யாருக்கும் தெரியாது. புக்கிக்கும் தெரியாது. அவன் ஊகிக்கிறான். கோல்கீப்பருக்கு முந்தின நாள் ராத்திரி காய்ச்சல் என்பது அவனுக்குத் தெரியாமல், அந்தத் தெருவில் பால் போடுகிறவனுக்குத் தெரிந்திருக்கலாம். அப்போது பால்காரன் கை மேல். ஆயிரத்தில் ஒருவன்தான் அப்படி ஜெயிப்பான், அந்த ஒருவனையும் அடையாளம் கண்டு அவன் பந்தயத் தொகையைச் சுருக்கிவிடுகிற நிறுவனங்கள் உண்டு. அது வேறு கதை. ஆனாலும் அங்கே விலை என்பது ஒரு அபிப்பிராயம். அபிப்பிராயம் தப்பாகலாம்.

பொம்மை ஆட்டத்தில் விலை அபிப்பிராயம் அல்ல. பானையை நிரப்பியவனே விலையையும் எழுதுகிறான். 44 போட்டவனுக்கு 44 என்று தெரியும். அங்கே மழை இல்லை, காயம் இல்லை, நேற்று மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்த முன்கள வீரன் இல்லை. கால்பந்தைப் பற்றி 30 வருடம் சேர்த்த அறிவு முழுவதும் அந்த வாசலில் செருப்போடு கழற்றி வைக்கவேண்டியதுதான். சில லீக் வடிவங்களில் அணிக்கு அணி பலம் வேறு, புள்ளிப் பட்டியல் உண்டு, 'கடைசி ஐந்து ஆட்டம்' என்று பச்சையும் சிவப்புமாக வட்டங்கள் உண்டு. பலமான அணி என்றால் பானையில் அதன் பாசி கூடுதல், அவ்வளவுதான். பாசி கூடினால் விலை குறையும், எட்டரை ரூபாய் அப்படியே இருக்கும். அந்தப் புள்ளிப் பட்டியல் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். போடா-போடா ஓட்டுநரின் நோட்டில் எழுதுவதற்கு.

அது சூதாட்டம் என்பதல்ல எனக்கு உறுத்துவது. தாயக்கட்டை உருட்டும்போது அது தாயக்கட்டை என்று நமக்குத் தெரியும். பன்னிரண்டு விழாததற்குக் கட்டையின் உடல்நிலையை ஆராய மாட்டோம். இங்கே தாயக்கட்டைக்கு ஜெர்சி மாட்டி, காலணி போட்டு, கூட்டத்தின் சத்தத்தைச் சேர்த்து, அறிவுக்கு இடம் இருப்பதுபோல ஒரு தோற்றம் தந்திருக்கிறார்கள். அந்த ஓட்டுநர் முட்டாள் அல்ல, சோம்பேறியும் அல்ல. உழைக்கிறார். உழைப்புக்கு ஒட்டாத இடத்தில் உழைக்கிறார்.

அடுத்தது வேகம். நிஜ லீக்கில் ஒரு அணி வாரத்துக்கு ஒன்றிரண்டு ஆட்டம் ஆடும். வாரம் ஒரு நூறு ரூபாய் கட்டுகிறவனுக்கு எட்டரை ரூபாய் நஷ்டம், அது ஒரு டீக்காசுகூட இல்லை. இங்கே மூன்று நிமிடத்துக்கு ஒன்று. ஒரு மணி நேரத்தில் 20 ஆட்டம், கட்டியது 2,000, சராசரி நஷ்டம் 170. ராத்திரி மூன்று மணிக்கும் ஆட்டம் உண்டு, தீபாவளிக்கும் லீவு இல்லை. 1,000 ரூபாயோடு உட்கார்ந்தவன் அந்த ஆயிரத்தையே திருப்பித் திருப்பிக் கட்டுகிறான். ஆறு மணி நேரத்தில் 12,000 ரூபாய்க்குப் பந்தயம் நடந்துவிடுகிறது. அதில் எட்டரை விழுக்காடு 1,020. கொண்டுவந்த ஆயிரத்தைக் காட்டிலும் இருபது ரூபாய் கூடுதல். 16 அணிகள் கொண்ட ஒரு பொம்மை லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் மற்றதோடு இரண்டு முறை மோதினால் 30 சுற்று, 240 ஆட்டம். இங்கிலாந்தில் ஒன்பது பத்து மாதம் இழுக்கிற சீசன், மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காப்பிக்கும் நடுவில் முடிந்து கோப்பை கொடுத்துவிடுகிறார்கள்.

அடுக்குப் பந்தயம் இன்னும் மோசம். ஐந்து ஆட்டங்களை ஒரே சீட்டில் கோத்து, ஐந்தும் சரியானால் பெரிய தொகை. ஒவ்வொரு படியிலும் 91 அரை விழுக்காடு மிஞ்சும் என்றால் ஐந்தாவது படியில் 64. அதாவது 100 ரூபாய்ச் சீட்டு அச்சாகி வெளியே வரும்போதே அதன் மதிப்பு 64 ரூபாய். சரியான ஸ்கோருக்குக் கட்டுவதும் அப்படித்தான். 1-1க்கு நேர்மையான விலை எட்டு மடங்குக்கு மேல். ஏழு மடங்குதான் தருகிறார்கள் என்றால் நூற்றுக்குப் பதினைந்து போயிற்று. பெரிய பரிசுக்குப் பெரிய கமிஷன்.

நடக்காத ஆட்டத்துக்குப் பணம் கட்டுவது கம்ப்யூட்டர் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் 'பூல்ஸ்' என்று ஒரு பந்தயம். வாராவாரம் தாளில் குறி போட்டுத் தபாலில் அனுப்புவார்கள், எந்தெந்த ஆட்டம் டிரா ஆகும் என்று. ஐயா, உங்கள் துறைக்கு அதனால் எவ்வளவு வருமானம் தெரியுமா? (சிரிப்பு) 1962-63 குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்த்தது. மைதானங்கள் உறைந்து, வாரக்கணக்கில் ஆட்டங்கள் ரத்து. ஆட்டம் இல்லை என்றால் சீட்டு இல்லை, கம்பெனிகளுக்கு நஷ்டம். என்ன செய்தார்கள்? 1963 ஜனவரி 26 அன்று லண்டனில் ஒரு குழுவை உட்கார வைத்தார்கள். பிராபசான் பிரபு தலைவர். டாம் ஃபின்னி, டாமி லாட்டன், டெட் டிரேக், ஜார்ஜ் யங் என்று பேர்போன பழைய ஆட்டக்காரர்கள், கூட ஆர்தர் எல்லிஸ் என்ற நடுவர். இவர்கள் மூடிய அறைக்குள் பேசி, 'இந்த ஆட்டம் நடந்திருந்தால் இன்னார் ஜெயித்திருப்பார்' என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பணம் பட்டுவாடா ஆயிற்று! மைதானத்தில் பனி, அறைக்குள் கோல். அந்தக் குழு பிறகும் ஒரு நிலையான ஏற்பாடாகத் தொடர்ந்தது.

ஒன்று கவனியுங்கள். அந்த அறையில் இருந்தவை மனித மூளைகள். ஃபின்னிக்குக் கால்பந்து தெரியும். அவர் எப்படி யோசிப்பார் என்று ஊகிக்கவாவது வெளியே இருப்பவனுக்கு வழி இருந்தது.

நம் பக்கத்துக் கதை அதைவிட நெருக்கம். வேலூர், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கம் 'காட்டன் சூதாட்டம்: நால்வர் கைது' என்று செய்தித்தாளில் அடிக்கடி பார்ப்போம். அதில் பஞ்சு எங்கே இருக்கிறது என்று யாராவது யோசித்ததுண்டா? ஒரு காலத்தில் இருந்தது. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்தி வழியே பம்பாய்க்கு வரும், அந்த எண்களின்மேல் பந்தயம் கட்டுவார்கள். 1960களின் தொடக்கத்தில் அந்த விலை வருவது நின்றுபோயிற்று. சூதாடிகள் தொழிலை நிறுத்தவில்லை. கல்யாண்ஜி பகத், ரத்தன் கத்ரி போன்றவர்கள் எண்ணெழுதிய சீட்டைப் பானையில் போட்டு எடுத்தார்கள், இல்லாத சரக்குக்குத் 'தொடக்க விலை', 'முடிவு விலை' என்று அறிவித்தார்கள். பானைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் மட்கா. சரக்கு போய்விட்டது, எண் தங்கிவிட்டது, பெயர் வேலூர் வரை வந்துவிட்டது. இன்றைக்கு நான் மண்பானை கொண்டுவந்தது சும்மா வேடிக்கைக்கு அல்ல.

2020 மார்ச்சில் கொரோனா வந்து உலகத்தின் மைதானங்கள் அநேகமாக எல்லாம் மூடியபோது இதே நாடகம் மூன்றாவது முறை. ஸ்போர்ட்ராடார் என்ற தரவு நிறுவனம், ஒத்திவைக்கப்பட்ட லீக் ஆட்டங்களைப் பழைய புள்ளிவிவரங்களை வைத்து, முழு 90 நிமிடத்துக்கும் கம்ப்யூட்டரிலேயே நடத்திக் கொடுத்தது. பிரிட்டனின் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம் ரத்தானது. ஏப்ரல் 4 அன்று அதன் பொம்மைப் பதிப்பை ஐடிவி ஒளிபரப்பியது, 48 லட்சம் பேர் பார்த்தார்கள். பாட்டர்ஸ் கார்னர் என்ற குதிரை 'ஜெயித்தது'. ஒரு சீட்டுக்கு 10 பவுண்டுதான் உச்சவரம்பு, கடைகளின் லாபம் 26 லட்சம் பவுண்டு மருத்துவத் தொண்டு நிதிக்குப் போனது. அதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. எல்லோருக்கும் அது விளையாட்டுக்கு விளையாட்டு என்று தெரிந்திருந்தது. ஆனால் நிஜக் குதிரைகள் திரும்பி வந்த பிறகும் பொம்மைக் குதிரைகள் லாயத்துக்குப் போகவில்லை.

கம்ப்யூட்டர் கால்பந்து என்ற பெயரில் இன்னொரு வகையும் ஓடுகிறது. இரண்டு மனிதர்கள் வீடியோ கேம் கருவியில் உட்கார்ந்து நிஜமாகவே ஆடுவார்கள், எட்டுப் பன்னிரண்டு நிமிட ஆட்டம், அதன்மேல் பந்தயம். அங்கே பானை கிடையாது, மனிதன் இருக்கிறான், ஆகவே மனிதனை விலைக்கு வாங்கும் ஆபத்தும் இருக்கிறது. இன்றைக்கு அதை விட்டுவிடுகிறேன்.

என்னம்மா கை தூக்குகிறாய்? ஓ! எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, நான்கும் தொடர்ந்து சிவப்பா? பெரியவர் நான்கிலும் சிவப்பே கட்டினாரா? சபாஷ். இப்போது சபையைக் கேட்கிறேன், அடுத்தது என்ன? ...கறுப்பு, கறுப்பு என்று இத்தனை குரல்! பாசியைத் திரும்பப் போட்டாயிற்று, கிளறியாயிற்று, உள்ளே அதே 44, 26, 30. பாசிக்கு ஞாபகசக்தி உண்டா? ஐயாவும் கறுப்புக்கு மாறுகிறாரா? சரி, எடு.

கறுப்பு. (பலத்த கைதட்டல், சிரிப்பு) நல்லது. என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டாம். கைதட்டுங்கள், கம்பாலாக் கடையிலும் இப்படித்தான் தட்டுவார்கள். அந்த நோட்டில் இந்த ஒரு வரிக்குக் கீழே கோடு விழும்.

தற்செயல் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாசிகள் ஒரே அளவு என்றேன். கறுப்புப் பாசி ஒரு நூலளவு பெரிதாக இருந்தால், எடுக்கிற விரல் பத்து நாளில் கண்டுபிடித்துவிடும். கம்ப்யூட்டரிலும் அந்தச் சிக்கல் உண்டு. கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்கிற ஜந்து, 'ஏதாவது ஒரு எண் சொல்' என்றால் அதற்கு வராது. ஒரு வித்து எண்ணிலிருந்து கணக்குப் போட்டு, தற்செயல் போலத் தோற்றமளிக்கிற எண்களைத் தள்ளிக்கொண்டே போகும். உலகம் முழுக்கப் புழங்கும் மெர்சென் ட்விஸ்டர் என்ற முறையில், அது தரும் எண்கள் தொடர்ச்சியாக 624 கிடைத்துவிட்டால் 625ஆவதைச் சொல்லிவிடலாம். விஞ்ஞானக் கணக்குக்கு அது போதும், சூதுக்கு ஆகாது. ஆகவே பந்தய நிறுவனங்கள் இன்னும் கெட்டியான முறைகளை வைத்துக்கொள்கின்றன. மின்னணுச் சத்தத்திலிருந்து எண் எடுக்கும் கருவிகளும் உண்டு. ஜிஎல்ஐ, ஐடெக் லேப்ஸ் போன்ற சோதனைக்கூடங்கள் எண்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் தருகின்றன.

சான்றிதழ் எதைச் சொல்கிறது என்பதில் மக்களுக்குக் குழப்பம் இருக்கிறது. பாசிகள் ஒரே அளவு, கிளறல் ஒழுங்கு என்று அது சொல்கிறது. 227 தர வேண்டிய இடத்தில் 208 தருவதை அது தடுக்காது. ஒழுங்காகக் கிளறப்பட்ட பானையில்தான் எட்டரை விழுக்காடு ஒழுங்காகக் கழியும். தோற்றவன் 'மெஷினில் ஏதோ தில்லுமுல்லு' என்கிறான். உரிமம் உள்ள கடைக்குத் தில்லுமுல்லு தேவையே இல்லை.

உள்ளேயே இருப்பவன் கை வைத்த கதையும் உண்டு. அமெரிக்காவில் எடி டிப்டன் என்பவர், பல மாநில லாட்டரிகளுக்குப் பொதுவான சங்கத்தில் தகவல் பாதுகாப்பு இயக்குநர். பூட்டு அவர் கையில். எண் எடுக்கும் நிரலில் சில வரிகளைச் சேர்த்துவிட்டார். வருடத்தில் குறிப்பிட்ட மூன்று தேதிகள், குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட நேரம், இவை கூடி வந்தால் எண்கள் சிலவற்றுக்குள் அடங்கிவிடும். மற்ற நாளெல்லாம் பரிசுத்தம். 2010 டிசம்பர் 23 அன்று அயோவாவில் ஒரு பெட்ரோல் பங்க் கடையில் முக்காடு போட்ட சட்டையோடு அவரே போய்ச் சீட்டு வாங்கினார். கண்காணிப்புக் கேமராவில் பதிந்தது. குரலை வைத்து அடையாளம் கண்டார்கள். 2017இல் 25 வருடம் வரை தண்டனை. சோதனைக்கூடம் சோதித்த நாள் அந்த மூன்று நாளில் ஒன்றாக இல்லை என்பதுதான் விஷயம். இருந்தாலும் பாருங்கள், இவ்வளவு பாடுபட்டவர் புள்ளியியல் ஆராய்ந்து ஜெயிக்கவில்லை. பானைக்குள் கை விட்டு ஜெயித்தார். நோட்டு எழுதி ஜெயிக்க முடியாது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2005இன் பிரிட்டிஷ் சூதாட்டச் சட்டத்தில் ஒரு வேடிக்கையான சொற்றொடர் இருக்கிறது. பந்தய இயந்திரம் எது, சூதாட்ட இயந்திரம் எது என்று பிரிக்கும்போது, 'எதிர்கால நிஜ நிகழ்ச்சிகள்' மேல் பந்தயம் கட்டும் இயந்திரம் சூதாட்ட இயந்திரம் ஆகாது என்கிறார்கள். நிஜம் என்றால் என்ன? மெய்நிகர் அல்லாதது, என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. நம் தத்துவ ஞானிகள் ஆயிரம் வருடமாக மல்லுக்கட்டிய கேள்வியை ஒரே வரியில் தீர்த்துவிட்டார்கள். (சிரிப்பு) இந்தியாவில் இது நீண்ட நாள் திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்காக ஓடியது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம் அந்தப் பிரிவினையையே தூக்கிப்போட்டு, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் கட்டி ஆடுவது என்றால் நடத்தக்கூடாது என்றது. நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவரைத் தண்டிக்கவில்லை, அது சரி என்றே எனக்குப் படுகிறது. அந்த ஓட்டுநரைப் பிடித்து உள்ளே போட்டு என்ன ஆகப் போகிறது?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். 20 ஆட்டமும் முடிந்துவிட்டதா? கணக்கைச் சொல்லும்மா. பெரியவர் கட்டியது 2,000 ரூபாய். சிவப்பில் ஆறு முறை ஜெயித்திருக்கிறார், ஆறு பெருக்கல் 208, 1,248. கறுப்பில் மூன்று, மூன்று பெருக்கல் 305, 915. மொத்தம்...

2,163.

163 ரூபாய் லாபம். (நீண்ட கைதட்டல்) ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசியவன் நான், லாபம் அவருக்கு. ஐயா, எழுந்து நில்லுங்கள், எல்லோரும் பார்க்கட்டும். என்ன சொல்கிறார்? மைக்கைக் கொடுங்கள்.

"சார், இன்னும் ஒரு பத்து ஆட்டம் போடலாமா?"